உச்சரிப்புச் சாயலும் எழுத்துச்சொல் அறிதலும்: முன்தூண்டல் சோதனைகளின் வரலாறு

ஒரு சொல்லைக் காதால் கேட்ட உடனே, அதோடு தொடர்புடைய வேறொரு சொல்லைத் திரையில் எழுத்தாகக் கண்டால், அந்த இரண்டாம் சொல்லை அடையாளம் காண்பது சற்று விரைவாக நடக்கிறது. முதற்சொல் அடுத்த சொல்லுக்கு வழி திறந்துவைக்கும் இந்த விளைவு உளமொழியியலில் முன்தூண்டல் எனப்படுகிறது. முதலில் வருவது முன்சொல்; பின்னர் வருவது இலக்குச்சொல்.

முன்சொல்லைப் பழக்கமில்லாத ஆக்சென்டில், அதாவது வேறு வட்டாரத்தின் அல்லது வேறு தாய்மொழியின் உச்சரிப்புச் சாயலில் ஒருவர் சொன்னால் இந்த விளைவு நீடிக்குமா? இக்கேள்வியைச் சுற்றி 2000ஆம் ஆண்டுக்குப் பிறகு வளர்ந்த ஆய்வுகள், ஒரு பேச்சு புரியாமல் போவதற்குப் பேசுபவரின் உச்சரிப்பு மட்டுமே காரணம் என்ற பொதுக்கருத்தை மறுபரிசீலனை செய்ய வைத்துள்ளன.

முன்தூண்டல் முறையின் தோற்றம்

இம்முறைக்கு அடித்தளமிட்ட ஆய்வை டேவிட் மேயர், ரோஜர் ஷ்வானெவெல்ட் ஆகிய அமெரிக்க உளவியலாளர்கள் 1971இல் வெளியிட்டனர். பங்கேற்பாளர்களுக்கு இரண்டு எழுத்துக்கோவைகள் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டப்பட்டன. இரண்டுமே உண்மையான ஆங்கிலச் சொற்களா என்று அவர்கள் விசையை அழுத்திச் சொல்ல வேண்டும். 'பிரெட்', 'பட்டர்' போன்ற தொடர்புடைய இணைகளுக்குச் சராசரியாக 855 மில்லிநொடியில் விடை வந்தது. தொடர்பற்ற இணைகளுக்கு 940 மில்லிநொடி ஆயிற்று. 85 மில்லிநொடி என்பது கண்ணிமைக்கும் நேரத்தினும் குறைவு. ஆயினும் மனத்தில் சொற்கள் தனித்தனியே கிடப்பதில்லை, பொருளால் பின்னப்பட்டிருக்கின்றன என்பதற்கு இந்த இடைவெளி அளக்கத்தக்க சான்றானது.

இச்சோதனையில் இரண்டு சொற்களும் கண்ணுக்கே காட்டப்பட்டன. பேச்சைக் கேட்கும் தருணத்தில் மனத்தில் நடப்பதை அறிய வேறு வழி தேவைப்பட்டது.

காதும் கண்ணும் சேர்ந்த சோதனை

அந்த வழியை 1979இல் டேவிட் ஸ்வின்னி காட்டினார். அவருடைய சோதனையில் பங்கேற்பாளர்கள் ஒரு தொடரைக் காதால் கேட்டுக்கொண்டிருக்கும்போதே திரையில் ஓர் எழுத்துக்கோவை தோன்றும். அது சொல்லா அல்லவா என்று அவர்கள் தீர்மானிக்க வேண்டும். கேட்கும் தொடரில் 'பக்ஸ்' என்ற ஆங்கிலச் சொல் வந்தது. அதற்குப் பூச்சிகள் என்றும் பொருள், ஒட்டுக்கேட்கும் கருவிகள் என்றும் பொருள். தொடரின் போக்கு பூச்சிகளையே குறித்தபோதும், அச்சொல் ஒலித்த கணத்தில் எறும்பைக் குறிக்கும் சொல்லும் உளவாளியைக் குறிக்கும் சொல்லும் விரைவாக அடையாளம் காணப்பட்டன. சில அசைகள் கடந்தபின் சூழலுக்குப் பொருந்திய எறும்பு மட்டுமே அந்த விரைவைப் பெற்றது.

1989இல் பீனி ஸ்விட்சர்லோட் டச்சு மொழியில் இன்னும் நுட்பமாக அளந்தார். தலைவரைக் குறிக்கும் 'கபிட்டெய்ன்', மூலதனத்தைக் குறிக்கும் 'கபிட்டால்' ஆகிய இரண்டு சொற்களும் ஒரே ஒலியில் தொடங்குகின்றன. சொல் முழுதும் ஒலித்து முடியுமுன்பே கப்பலைக் குறிக்கும் எழுத்துச்சொல்லும் பணத்தைக் குறிக்கும் எழுத்துச்சொல்லும் தூண்டப்பட்டன. கேட்பவரின் மனம் சொல்லின் முடிவுக்குக் காத்திராமல், பொருந்தக்கூடிய சொற்களையெல்லாம் எழுப்பிவிட்டுப் பின்னரே தேர்ந்துகொள்கிறது.

இம்முறைக்கு ஒரு தனி வசதி உண்டு. கேட்ட சொல் புரிந்ததா என்று எவரிடமும் நேரடியாகக் கேட்க வேண்டியதில்லை. எழுத்துச்சொல்லுக்கு விடை வரும் வேகமே அதைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. உச்சரிப்புச் சாயலைப் பொறுத்தவரை இது முக்கியமானது. பேசியவர் மீது கேட்பவருக்குள்ள விருப்பும் வெறுப்பும் 'புரிந்தது', 'புரியவில்லை' என்ற வாய்மொழி விடையில் எளிதில் கலந்துவிடும். மில்லிநொடிக் கணக்கில் அந்த வாய்ப்பு குறைவு.

சாயல் ஆய்வுப்பொருளாதல்

தொடக்ககாலச் சோதனைகளில் முன்சொற்கள் பெரும்பாலும் பொதுவழக்கு உச்சரிப்பில் தெளிவாகப் பதிவுசெய்யப்பட்டவை. சாயல் என்பது ஆய்விலிருந்து நீக்க வேண்டிய இரைச்சலாகவே கருதப்பட்டது. இந்நிலை மாறுவதற்கு இரண்டு ஆய்வுகள் துணைபுரிந்தன.

கனடாவில் மரே மன்ரோ, டிரேசி டெர்விங் ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வு முதலாவது. சீனத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களின் ஆங்கிலப் பேச்சைக் கேட்டவர்கள், சாயல் மிகக் கனமாக இருப்பதாக மதிப்பிட்ட தொடர்களையும் பல நேரங்களில் சொல் பிசகாமல் எழுதிக் காட்டினர். சாயல் கனமாகத் தோன்றுவதும் பேச்சு புரியாமல் போவதும் வெவ்வேறு என்பது இதனால் தெளிவாயிற்று.

இரண்டாவது, 2004இல் கான்ஸ்டன்ஸ் கிளார்க், மெரில் காரெட் ஆகியோர் வெளியிட்டது. ஸ்பானிய அல்லது சீனச் சாயலுள்ள ஆங்கிலத் தொடர்களை ஆங்கிலத் தாய்மொழியாளர்கள் கேட்டனர். ஒவ்வொரு தொடருக்கும் பின் திரையில் எழுத்துச்சொல் தோன்றியது. அதற்கு அவர்கள் விடையளிக்கும் வேகம் அளக்கப்பட்டது. இது முன்தூண்டல் சோதனை அன்று. ஆனால் கேட்ட பேச்சை எழுத்துச்சொல்லால் அளக்கும் உத்தி இதிலும் உண்டு. தொடக்கத்தில் விடைகள் தாமதமாயின. ஒரு நிமிடம் கேட்பதற்குள் அந்தத் தாமதம் குறைந்தது. இரண்டு முதல் நான்கு தொடர்களிலேயே செவி பழகத் தொடங்கிவிடுகிறது என்பதற்கும் அறிகுறிகள் கிடைத்தன.

நியூயார்க்கின் ரகரம்

அடுத்த கட்ட ஆய்வுகளுக்கு நியூயார்க் நகரப் பேச்சு களமானது. அந்நகரின் மரபான பேச்சில் சொல்லிறுதி ரகரம் ஒலிப்பதில்லை. 'பேக்கர்' என்பது 'பேக்க' என முடியும். 1962இல் வில்லியம் லபோவ் அந்நகரின் மூன்று பல்பொருள் அங்காடிகளில், நான்காம் தளத்தில் விற்கும் ஒரு பொருள் எங்கே கிடைக்கும் என்று ஊழியர்களிடம் கேட்டுக்கொண்டே சென்றார். 'ஃபோர்த் ஃப்ளோர்' என்ற விடையில் ரகரம் ஒலிக்கிறதா என்பதே அவர் கவனித்தது. 264 பேரிடம் பெற்ற விடைகளில், செல்வர்கள் வாங்கும் சாக்ஸ் அங்காடியில் 62 விழுக்காட்டினர் ரகரத்தை முழுமையாகவோ ஓரளவோ ஒலித்தனர். நடுத்தரமான மேசிஸ் கடையில் இது 51 விழுக்காடு. மலிவு விலைக்கடையான கிளைனில் 20 விழுக்காடு. ஒரே ஓர் ஒலி சமூகப் படிநிலையின் அடையாளமாகியிருந்தது.

இதே ரகரத்தை மேகன் சம்னரும் ஆர்தர் சாமுவேலும் முன்தூண்டல் சோதனைக்குள் கொண்டுவந்து 2009இல் முடிவுகளை வெளியிட்டனர். ரகரத்தை ஒலிக்கும் பொது அமெரிக்க வழக்கினர், ரகரத்தை விடும் நியூயார்க்கர்கள், நியூயார்க்கிலேயே வளர்ந்தும் தம் பேச்சில் ரகரத்தை ஒலிப்பவர்கள் என மூன்று குழுவினர் சோதிக்கப்பட்டனர். உடனடித் தூண்டல், பொருள்வழித் தூண்டல், இடைவெளி விட்டு அளக்கும் நீண்டகாலத் தூண்டல் ஆகிய மூன்றும் அளக்கப்பட்டன.

மூன்றாம் குழுவின் முடிவே பெரிதும் கவனிக்கப்பட்டது. தாம் ரகரத்தை விடாதவர்களாயினும், ரகரமற்ற சொல்லைக் கேட்ட உடனே அவர்கள் தடையின்றிப் புரிந்துகொண்டனர். நீண்டகால நினைவிலோ ரகரமுள்ள வடிவமே அவர்களிடம் தங்கியது. ஒருவர் பேசும் விதத்தை வைத்து அவர் எதைப் புரிந்துகொள்வார், எதை நினைவில் வைப்பார் என்று முடிவுசெய்ய இயலாது. செவியை ஆக்குவது வளர்ந்த சூழல் தரும் அனுபவம்.

மதிப்பும் நினைவும்

அனுபவமே எல்லாவற்றையும் விளக்கிவிடும் என்றால், அதிகம் கேட்ட சாயல் எளிதாகவும் அரிதாகக் கேட்ட சாயல் கடினமாகவும் இருக்க வேண்டும். சம்னரும் ரெய்கோ கட்டாவோகாவும் 2013இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான முடிவைத் தந்தது. தெற்கு இங்கிலாந்தின் பொதுவழக்கிலும் சொல்லிறுதி ரகரம் ஒலிப்பதில்லை. இங்கிலாந்துப் பேச்சாளர், நியூயார்க் பேச்சாளர், பொது அமெரிக்கப் பேச்சாளர் ஆகிய மூவரின் குரல்களும் பொது அமெரிக்க வழக்கினருக்குத் தரப்பட்டன. 'மெலிந்த' என்று பொருள்படும் 'ஸ்லெண்டர்' போன்ற சொல்லைக் கேட்டபின் அதே பொருளுள்ள 'தின்' போன்ற சொல் எவ்வளவு விரைவாக அறியப்படுகிறது என்பது இவ்வகைச் சோதனையின் அளவுகோல். அமெரிக்கக் குரலும் இங்கிலாந்துக் குரலும் வலுவான தூண்டலை ஏற்படுத்தின. நியூயார்க் குரல் தூண்டல் எதையும் ஏற்படுத்தவில்லை.

அதே ஆய்வில் போலி நினைவுச் சோதனையும் நடத்தப்பட்டது. தொடர்புடைய சொற்களின் பட்டியலைக் கேட்டவர்கள், அதில் இடம்பெறாத சொல்லையும் கேட்டதாக நினைவுகூர்வதை இச்சோதனை கணக்கிடும். நியூயார்க் குரலில் கேட்டபோது இத்தகைய பிழை மிகுந்தது. இங்கிலாந்துக் குரலில் குறைந்தது.

ரகரம் இரண்டிலும் இல்லை. இங்கிலாந்துச் சாயல் அமெரிக்கச் செவிக்கு அன்றாடம் கேட்பதும் அன்று. ஆனால் அமெரிக்காவில் அதற்குச் சமூக மதிப்பு உண்டு. நியூயார்க் சாயலுக்கு அத்தகைய மதிப்பு இல்லை. மதிப்புள்ளதாகக் கருதப்படும் குரலைக் கேட்பவர் கூர்ந்து பதிந்துகொள்கிறார், மற்றதை மேலோட்டமாகக் கடந்துவிடுகிறார் என்று சம்னர் குழுவினர் பின்னர் விளக்கினர். அந்த விளக்கம் சரியெனில், இரைச்சலாகக் கருதப்பட்ட சாயல் மனம் சொல்லைப் பதியும் விதத்தையே மாற்றுகிறது.

டச்சுச் செவியும் ஜெர்மன் சாயலும்

அயல்மொழிச் சாயலுக்கு நெதர்லாந்தில் தெளிவான சோதனை நடந்தது. மரைட் விட்டமன், ஆண்ட்ரியா வெபர், ஜேம்ஸ் மக்வீன் ஆகியோர் 2013இல் வெளியிட்ட ஆய்வில், ஜெர்மன் சாயலுடன் பேசப்பட்ட டச்சுச் சொற்கள் முன்சொற்களாயின. வீட்டைக் குறிக்கும் டச்சுச் சொல்லில் வரும் கூட்டுயிர் ஜெர்மானியர்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை. அவர்கள் அதைத் தம் மொழியின் 'ஒய்' போன்ற ஒலியாக மாற்றிவிடுவதுண்டு. சாயல் கனமானது, இடைத்தரமானது, இலேசானது எனச் சொற்கள் மூவகையாகப் பிரிக்கப்பட்டன.

ஜெர்மன் சாயலில் நல்ல பழக்கமுள்ள டச்சுக்காரர்களை மூவகைச் சொற்களும் தூண்டின. பழக்கம் குறைந்தவர்களை இலேசானவையும் இடைத்தரமானவையும் தூண்டின. கனமான சாயல் தூண்டவில்லை. ஆனால் பழக்கம் குறைந்தவர்கள் அதே பேச்சாளர் கனமான சாயலில் சொன்ன சிறுகதை ஒன்றை முதலில் கேட்டபோது, முன்பு கேட்டிராத கனமான சொற்களும் உடனே தூண்டலை ஏற்படுத்தின. வேறொரு ஜெர்மானியரின் குரலில் கதையைக் கேட்டவர்களுக்குச் சோதனையின் பிற்பாதியில்தான் அது கைகூடியது. செவி சாயலோடு, பேசும் ஆளையும் சேர்த்தே பழகிக்கொள்கிறது.

பொருளைத் தேர்ந்தெடுக்கும் சாயல்

ஜெங்குவாங் காய், ஜெனிஃபர் ராட் முதலானோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு சாயலின் வேறொரு பங்கைக் காட்டியது. 'பானெட்' என்ற சொல் பிரித்தானியருக்குப் பெரும்பாலும் காரின் முன்மூடி. அமெரிக்கருக்கு அது ஒரு தொப்பி. அச்சொல்லை அமெரிக்கச் சாயலில் கேட்ட பிரித்தானியர்கள் தொப்பி என்ற பொருளை நினைவுகூரும் வாய்ப்பு அதிகரித்தது. இரண்டு சாயல்களையும் கலந்து நடுநிலையாக்கிய ஒலிகள்கூட, அமெரிக்கச் சாயலுள்ள சொற்களுக்கு நடுவே வந்தபோது அமெரிக்கச் சொற்களைப் போலவே பொருள்கொள்ளப்பட்டன. பேசுபவர் எந்நாட்டவர் என்ற கணிப்பைச் சாயலிலிருந்து பெற்று, அதற்கேற்பக் கேட்பவர் பொருளைத் தேர்கிறார்.

வரம்புகளும் முக்கியத்துவமும்

இச்சோதனைகளுக்கு வரம்புகளும் உண்டு. மேலே கண்டவை ஆங்கிலத்திலும் டச்சிலும் நடந்தவை. ஒரு சாயலுக்கு ஒரே பேச்சாளர் என்ற அமைப்பில், சாயலின் விளைவையும் அந்தக் குரலின் விளைவையும் முழுமையாகப் பிரித்தறிய இயலாது. தனிச்சொற்களைக் கேட்பதும் ஓர் உரையாடலைக் கேட்பதும் ஒன்றல்ல.

ஆயினும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு முறைகளில் நடந்த இவ்வாய்வுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன. சொல் புரிவது பேசுபவரின் வாயில் மட்டும் முடிவாகும் செய்தி அன்று. கேட்பவரின் அனுபவம், கவனம், பேசுபவருக்கு அவர் தரும் மதிப்பு ஆகியவற்றுக்கும் அதில் பங்குண்டு. வகுப்பறை, நேர்முகத் தேர்வு, நீதிமன்றம், மருத்துவமனை போன்ற இடங்களில் 'உச்சரிப்பு புரியவில்லை' என்ற சொல் பேசுபவர் மீதான தீர்ப்பாகவே அமைகிறது. சில தொடர்களைப் பொறுமையாகக் கேட்டாலே அந்தத் தடையின் ஒரு பகுதி விலகும் என்பதே கிளார்க், விட்டமன் ஆகியோரின் ஆய்வுகள் தரும் செய்தி.