சுமைவண்டியின் தீப்பொறி நேரமும் தட்டல் கட்டுப்பாடும்: திருப்பூர் பின்னலாடைப் போக்குவரத்தை முன்வைத்து

திருப்பூரின் பின்னலாடை உற்பத்தி ஒரே கூரையின் கீழ் முடிவதில்லை. நிட்டிங், சாயமேற்றல், காம்பேக்டிங், பிரிண்டிங், தையல் ஆகியவை பெரும்பாலும் தனித்தனிக் கூடங்களில் நடப்பதால், நூல் மூட்டைகளையும் துணி ரோல்களையும் சுமந்து டி.வி.எஸ். எக்ஸ்.எல். போன்ற மொபெட்டுகளும் பெட்ரோலில் ஓடும் சிறுசரக்கு வண்டிகளும் நாள் முழுவதும் அலைகின்றன. அதிகச் சுமை, குறைந்த வேகம், கோடை வெப்பம் என்னும் மூன்றும் ஒருங்கே அமையும் இந்த ஓட்டம், இயந்திரத் தட்டலுக்கு மிகவும் ஏற்ற சூழல் ஆகும். எனவே, தட்டலை உணர்ந்து தீப்பொறி நேரத்தைத் திருத்தும் மின்னணு அமைப்பு சொகுசுக் கார்களைக் காட்டிலும் சுமைவண்டிகளுக்கே இன்றியமையாதது என்பது இக்கட்டுரையின் வாதம்.

எரிபொருட்கலவை முழுவதும் எரியச் சில மில்லிநொடிகள் தேவைப்படுவதால், பிஸ்டன் உச்சியை எட்டும் முன்பே பிளக்கில் பொறி தோன்றியாக வேண்டும். உச்சியைக் கடந்து ஏறத்தாழ 15 பாகையில் அழுத்தம் உச்சம் பெறுமாறு பொறியின் நேரம் அமைந்தால் இழுவிசை மிகுதியாகக் கிடைக்கும். நிமிடத்திற்கு 3000 சுற்றில் ஒரு பாகை என்பது நொடியில் 18,000இல் ஒரு பங்கே ஆதலால், வேகம் கூடக்கூடப் பொறியை முன்னதாக எழுப்ப வேண்டியுள்ளது.

பொறி அளவுக்கு மீறி முந்தினால், தீச்சுடர் சென்று சேரும் முன்பே சிலிண்டரின் ஓரத்துக் கலவை அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் தானே வெடித்து அழுத்த அலைகளை எழுப்புகிறது. இதுவே நாக்கிங் எனப்படும் தட்டல். வேகம் குறையும்போது ஓரக் கலவை தானே பற்றிக்கொள்ளக் கூடுதல் அவகாசம் கிடைக்கிறது. எக்ஸ்.எல். 100இல் ஒரே கியர்தான் என்பதால், மேட்டில் சுமையோடு ஏறும்போது கியரைக் குறைத்து இயந்திரத்தின் சுழற்சியைக் கூட்டவும் ஓட்டுநருக்கு வழியில்லை. தட்டல் நீடித்தால் பிஸ்டனும் சிலிண்டர் தலைக் கேஸ்கட்டும் சேதமுறும்.

பழைய பாயிண்ட் அமைப்பில் நேரத்தை மாற்றிய எடைகளுக்கும் வெற்றிட உறைக்கும் பதிலாக, இன்று வேகத்தையும் சுமையையும் அளந்து, நினைவகத்தில் பதிந்த அட்டவணைப்படி இ.சி.யு. என்னும் மின்னணுக் கட்டுப்பாட்டகம் நேரத்தைத் தீர்மானிக்கிறது. கார்களில் இதனோடு நாக் சென்சாரும் சேர்கிறது. சிலிண்டர் தொகுதியின் அதிர்வை மின்னழுத்தமாக மாற்றும் இந்தச் சென்சாரின் படிகம், சுமார் 80 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் 7 கிலோஹெர்ட்சை ஒட்டி எழும் தட்டல் ஒலியைப் பிரித்தறிய உதவுகிறது. தட்டல் தெரிந்ததும் இ.சி.யு. பொறியைச் சில பாகை பின்தள்ளி, பின்னர் சிறுசிறு படிகளாக முன்கொணர்கிறது.

சிறிய சிலிண்டரில் தீச்சுடர் கடக்க வேண்டிய தொலைவு குறைவு என்பதால் சென்சார் தேவையில்லை என்று கூறப்படலாம். அது ஓரளவே பொருந்தும். காற்றால் குளிரும் இயந்திரத்தில் சுவர்களின் வெப்பம் அந்த நன்மையைக் குறைத்துவிடுகிறது. சென்சார் இல்லாத அட்டவணையோ மிக மோசமான நிலையைக் கருதி நேரத்தை நிரந்தரமாகப் பின்னுக்கு வைக்க வேண்டியுள்ளதால், தட்டல் இல்லாத வேளையிலும் எரிபொருள் வீணாகிறது.

20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் இவ்வாதத்தை மேலும் வலுப்படுத்துகிறது. தட்டலைத் தாங்கும் திறனைக் குறிக்கும் அதன் ஆக்டேன் எண் சாதாரணப் பெட்ரோலின் 91இலிருந்து 95 அளவுக்கு உயர்கிறது. ஆற்றலோ, எத்தனால் கலவாத பெட்ரோலோடு ஒப்பிடுகையில், லிட்டருக்கு ஏறத்தாழ 7 விழுக்காடு குறைகிறது. தட்டலை உணரும் இயந்திரம், அதன் அட்டவணை இடந்தரும் அளவுக்குப் பொறியை முன்னேற்றி இவ்விழப்பில் ஒரு பகுதியை மீட்கும். நிலைத்த அட்டவணை உடையதோ இழப்பை மட்டுமே ஏற்கும். ஜாப் ஒர்க் கூலியில் எரிபொருட்செலவையும் தாங்கும் சிறுதொழில் முனைவோருக்கு இந்த வேறுபாடு நேரடி வருமானம் ஆதலால், சிறு சுமைவண்டிகளின் வடிவமைப்பில் தட்டல் உணர்வு அடிப்படைத் தேவையாகக் கொள்ளப்பட வேண்டும்.