முழங்காலுக்காகப் பிறந்த உடை

சைக்கிள் மிதிப்பவரின் உடம்பு எரிக்கும் சக்தியில் ஏறத்தாழக் கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதியெல்லாம் வெப்பம். அதில் பெரும்பகுதி உண்டாவது தொடையில்தான். அப்படியிருந்தும் குளிர்காலத்தில் முதலில் முரண்டு பிடிப்பது காலில் உள்ள ஒரு மூட்டு. முழங்காலின் முன்பக்கத்தில் தசை கிடையாது. தோல், தசைநார், எலும்பு, அவ்வளவுதான். எதிர்க்காற்றை நேராக வாங்குவதும் அதுவே. வெப்பநிலை 5 டிகிரியாக இருக்கும்போது மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் போனால், திறந்த தோலுக்கு அது 0 டிகிரி போலவே உறைக்கும். மலையிறக்கத்தில் 60 கி.மீ. வேகத்தைத் தொட்டால் அதற்கும் கீழே போய்விடும்.

ஆக, காலை ஒட்டி மூடும் குளிர்கால சைக்கிள் டைட்ஸிடம் நாம் கேட்பவை ஒன்றுக்கொன்று பகையான இரண்டு காரியங்கள். கதகதப்பு வேண்டும், ஒரு மணி நேரத்தில் ஐயாயிரம் முறை மடங்கி நீளும் மூட்டை அது தடுக்கவும் கூடாது. முன்னதற்குத் துணி தடிக்க வேண்டும், பின்னதற்கு மெலிய வேண்டும். இந்த வழக்கு தீர நூறு ஆண்டுகள் ஆயின.

ஆரம்பத்தில் இருந்தது கம்பளி. 1878இல் இங்கிலாந்தில் தொடங்கிய சைக்கிள் சுற்றுலாச் சங்கத்தின் உறுப்பினர்கள் முழங்காலுக்குக் கீழே இறுக்கிக் கட்டிய கம்பளிக் காற்சட்டையும், அதைத் தொடும் நீண்ட கம்பளிக் காலுறையும் அணிந்தார்கள். சங்கிலியில் துணி சிக்காது, குளிரும் அண்டாது. கம்பளியை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். நனைந்த பிறகும் ஓரளவு சூடு காக்கும் துணி அன்றைக்கு வேறொன்றும் இல்லை. ஆனால் நீரைக் குடித்ததும் அது கனத்துத் தொங்கிவிடும். முழங்காலில் பை போலத் தொய்ந்து, ஒவ்வொரு மிதிக்கும் தோலைத் தேய்க்கும்.

அதனால்தான் பந்தய வீரர்கள் காலை மூடாமலே ஓட்டினார்கள். அதற்கு அவர்கள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. 1910 ஏப்ரல் 3 அன்று நடந்த மிலான் – சான் ரெமோ பந்தயத்தில் டுர்க்கீனோ கணவாய் பனியில் மூழ்கிக் கிடந்தது. பிரான்ஸின் யூஜேன் கிறிஸ்தோஃப் வழியில் விறைத்து நின்றுவிட, ஒரு விடுதிக்காரர் அவரை உள்ளே கொண்டுபோய்ப் போர்வையில் சுற்றி உயிர்ப்பித்தார். சூடு திரும்பியதும் அவர் மறுபடி சைக்கிளில் ஏறி 12 மணி 24 நிமிடத்தில் பந்தயத்தை வென்றார். அறுபதுக்கும் மேற்பட்டோர் புறப்பட்ட அந்தப் பந்தயத்தில் முடித்தவர்களாக ஏற்கப்பட்டவர்கள் நான்கே பேர். வென்றவரோ அடுத்த ஒரு மாதத்தை மருத்துவமனையில் கழித்தார். 2013இல் அதே பந்தயத்தன்று டுர்க்கீனோவில் பனி கொட்டியபோது, வீரர்களைப் பேருந்தில் ஏற்றிக் கணவாய்க்கு அப்பால் இறக்கிவிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார்கள். இரண்டாவது முடிவே சரியானது என்பேன்.

துணி கைவிட்ட இடத்தில் தைலம் வந்தது. பெல்ஜியத்துப் பந்தய வீரர்கள் இன்றும் மூடாத கால்களில் சூட்டுத் தைலம் பூசிக்கொள்கிறார்கள். அவற்றில் பலவற்றில் இருப்பது நம் மிளகாயின் காரத்துக்குக் காரணமான கேப்சைசின்தான். வெப்பத்தை உணரும் நரம்பை அது தூண்டிவிடுகிறது. தோல் எரிகிறது, மனம் சூடென்று நம்புகிறது. மூட்டின் குளிர் அப்படியேதான் இருக்கும்.

வழக்கைத் திருப்பிய நூல் சைக்கிளுக்காகப் பிறந்ததல்ல. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலம் வேய்ன்ஸ்பரோவில், டியூபான்ட் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் வேதியியலாளர் ஜோசஃப் ஷிவர்ஸ் 1958இல் அதை உருவாக்கினார். பெண்களின் உள்ளாடைகளில் இருந்த ரப்பருக்கு மாற்றுத் தேடியதன் விளைவு அது. ஐந்து மடங்குக்கு மேல் இழுத்தாலும் பழைய நீளத்துக்கே திரும்பும் அந்த நூலுக்கு லைக்ரா என்று வணிகப் பெயர் வைத்தார்கள். இத்தாலியின் காஸ்டெல்லி நிறுவனம் 1977இல் லைக்ராவில் சைக்கிள் காற்சட்டை தைத்தது. தொய்வு ஒழிந்தது. முழங்கால் மடங்கும்போது துணியும் கூடவே நீண்டது. ஆனால் அது மெல்லிய துணி, குளிரைத் தாங்காது. பாதி வழக்குதான் தீர்ந்தது.

மீதிப் பாதி எவ்வளவு கொடியது என்பதை 1988 ஜூன் 5 காட்டியது. இத்தாலியச் சுற்றுப் பந்தயம் அன்று 2,600 மீட்டருக்கு மேல் உயர்ந்த காவியா கணவாயைப் பனிப்பொழிவில் கடந்தது. அமெரிக்கர் ஆண்டி ஹாம்ஸ்டனின் குழுவினர் காலையிலேயே பனிச்சறுக்குக் கடைகளில் கையுறையும் தொப்பியும் வாங்கிவைத்து, வீரர்களின் உடம்பில் ஆட்டுக் கம்பளிக் கொழுப்பைப் பூசி அனுப்பினார்கள். கால்கள் மட்டும் திறந்தே இருந்தன. ஏற்றத்தில் குளிரைத் தாங்க முடிந்தது. உடம்பே அடுப்பாக இருந்தது. இறக்கத்தில் மிதிப்பது நின்றது, அடுப்பும் அணைந்தது. உச்சியை முதலாவதாகக் கடந்த யோஹான் வான் டெர் வெல்டே வழியில் ஒதுங்கி நின்று, முக்கால் மணி நேரத்துக்கு மேல் இழந்தார். ஹாம்ஸ்டன் குனிந்து பார்த்தபோது கொழுப்பின் மேல் பனிப்படலம் படிந்து, அதனடியில் கால்கள் செக்கச் செவேலென்று தெரிந்தனவாம். மறுபடி பார்ப்பதில்லை என்று முடிவு செய்துகொண்டு இறங்கினார். அந்தச் சுற்றை வென்ற முதல் அமெரிக்கர் ஆனார்.

மீதிப் பாதிக்குத் தீர்வு, லைக்ரா கலந்த பின்னல் துணியின் உட்புறத்தைச் சீவுவதில் கிடைத்தது. நுண்ணிய கம்பிகள் பதித்த உருளைகள் சுழன்று நூலிழைகளைக் கிளப்பிவிடும். உள்ளே பஞ்சு போல எழும் அந்த இழைகளுக்கிடையில் காற்று தங்கும். காற்று வெப்பத்தை எளிதில் கடத்தாது. வெளிப்புறம் வழக்கம்போல நீளும். இந்த வகைத் துணிக்கு ரூபே என்ற பெயர் நிலைத்தது. கரடுமுரடான கற்சாலைக்குப் பேர்போன பாரிஸ் – ரூபே பந்தயத்தின் பெயர் அது. ரூபே ஒரு காலத்தில் கம்பளி ஆலைகளின் நகரம். 1896இல் அந்தப் பந்தயத்தைத் தொடங்கி வைத்தவர்களும் அவ்வூர்த் துணி ஆலை முதலாளிகள் இருவர்தான்.

காற்றைத் தடுக்கும் மெல்லிய சவ்வு பின்னால் வந்து சேர்ந்தது. இதில் நான் வியப்பது சவ்வை அல்ல, அதை வைத்த இடத்தை. தொடையின் முன்புறத்திலும் முழங்காலிலும் மட்டும் வைத்தார்கள். முழங்காலின் பின்புறத்தைச் சாதாரணத் துணிக்கு விட்டதால் மடிப்பில் தடையில்லை. வியர்வை வெளியேறவும் அதுவே வழி. தொடையிலிருந்து கணுக்கால்வரை தனியாக மாட்டிக்கொள்ளும் லெக் வார்மர் இன்னொரு நல்ல யோசனை. ஏற்றத்தில் கழற்றிச் சட்டையின் முதுகுப் பையில் செருகலாம், இறக்கத்துக்கு முன் மாட்டிக்கொள்ளலாம். காவியாவின் சிக்கலுக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

வாங்குகிறவர்களுக்குச் சில வார்த்தை. 18 டிகிரிக்குக் கீழே போனாலே முழங்காலை மூடிவிடுவது பல அனுபவசாலிகளின் வழக்கம். அதற்கு முழங்கால் உறையே போதும். 10 டிகிரியை நெருங்கும்போது உட்புறம் சீவிய முழுநீள டைட்ஸ். 5க்குக் கீழே முன்புறம் காற்றுத்தடுப்பு வைத்த டைட்ஸ். இடுப்புப் பட்டி வைத்ததைவிடத் தோள்பட்டி வைத்ததே மேல். குனிந்து ஓட்டும்போது கீழ்முதுகு திறந்துகொள்ளாது. கடையில் நின்ற நிலையில் போட்டுப் பார்ப்பது போதாது, முழங்காலை மார்புவரை மடக்கிப் பார்க்க வேண்டும். முன்துணி இறுகினால் ஒரு அளவு பெரியது எடுக்கலாம். துவைக்கும்போது துணியை மென்மையாக்கும் திரவம் மட்டும் கூடாது. அது இழைகளில் படிந்து, வியர்வையை வெளியே கடத்தும் வழியை அடைத்துவிடும்.