புழுங்கலரிசி புகட்டிய பாடம்

நெல் ஒன்றே, அதனை அரிசியாக்கும் முறைகளே பல. ஒருவன் உண்ட சோறு அவனை வளர்க்க, அவனுக்கு அடுத்த கொட்டகையில் வாழ்ந்தவன் உண்ட சோறு அவனைக் கொன்றது என்றால் நம்புவார் அரியர். ஆயினும் அது சிங்கப்பூரிலும் அதனை அடுத்த மலாய் நாடுகளிலும் நடந்த உண்மை வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஈயச் சுரங்கங்களிலே உழைக்க வந்த சீனத் தொழிலாளர் பெரிபெரி என்னும் நோயால் ஆயிரக்கணக்கில் மடிந்தனர். முதலில் கால் மரத்துப் போகும்; பின்னர் வீங்கும்; நடை தள்ளாடும்; இறுதியில் இதயம் தளர்ந்து உயிர் நீங்கும். ஈரக்காற்றே காரணம் என்றனர் சிலர். கண்ணுக்குத் தெரியாத கிருமி என்றனர் வேறு சிலர். அதே காற்றைச் சுவாசித்து, அதே மழையில் நனைந்து, அவர்களினும் வறிய நிலையில் தோட்டங்களில் உழைத்த தமிழரை இந்நோய் பெரும்பாலும் தீண்டாதது ஏன்?

இக்கேள்வியை விடாது தொடர்ந்தவர் நெகிரி செம்பிலானில் அரசாங்க வைத்தியராய் இருந்த பிராடன் என்பார். சீனர் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையிலே வெண்மையாகத் தீட்டப்பட்ட பச்சரிசி. தமிழர் உண்டது நெல்லை ஊறவைத்து அவித்து, உலர்த்திக் குத்திய புழுங்கலரிசி. இவ்வேறுபாட்டையே அவர் 1907-ல் வெளியிட்ட நூலில் வற்புறுத்தினார். பழகிய வெள்ளையரிசியில் ஏதோ ஒரு நஞ்சு விளைகின்றது என்பது அவர் கொள்கை. காரணங் கூறியதில் அவர் தவறினார். அரிசியைச் சுட்டிக் காட்டியதில் தவறவில்லை.

1905-ஆம் ஆண்டின் இறுதியில், கோலாலம்பூர்ப் பைத்திய ஆஸ்பத்திரியில் பிளெச்சர் என்னும் வைத்தியர் நோயாளிகளை இரு பகுதியாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு வெள்ளைப் பச்சரிசியும், மறு பகுதிக்குப் புழுங்கலரிசியும் அளித்து வந்தார். இடத்தின் குற்றமோ என்னும் ஐயம் நீங்க, இடையில் இருவரையும் இடம் மாற்றியும் வைத்தார். பச்சரிசி உண்ட 120 பேரில் 43 பேர் நோயுற்றனர்; 18 பேர் இறந்தனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கே நோய் காணப்பட்டது. அவ்விருவரும் வரும்போதே நோயுடன் வந்தவர்கள். உலகிற்கு உண்மை விளங்கிற்று. ஆனால் அதற்கு விலையாக உயிர் கொடுத்தவர் சித்தங் கலங்கிய ஏழைகள். சம்மதம் தரவும் மறுக்கவும் வல்லமையற்றவர்கள். இதனை நாம் மறத்தல் அறமன்று.

பின்னர் 1907 முதல் பிரேசர், ஸ்டாண்டன் என்னும் இருவர், துரியான் திப்புஸ் என்னுமிடத்தில் சாலை அமைத்த சுமார் 300 ஜாவானியரிடம் இதே சோதனையை நடத்தி அதே முடிவைக் கண்டனர். தீட்டும்போது கழிக்கப்படும் தவிட்டிலேதான் நோயைத் தடுக்கும் பொருள் உளது என்பதையும் நிலைநாட்டினர். பத்தேவியாவில் எய்க்மன் கோழிகளைக் கொண்டு முன்னரே கண்டதும் இதனோடு ஒத்திருந்தது. 1912-ல் பங்க் என்பார் இத்தகைய பொருள்களுக்கு ‘வைட்டமின்’ எனப் பெயரிட்டார். 1929-ல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது. அரிசியின் அப்பொருளை இன்று தயமின் என்கிறோம். நெல்லை அவிக்கும்போது மேற்பூச்சிலுள்ள சத்து நீரோடு மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது, மணியும் இறுகுகிறது. ஆகவே பின்னர் தீட்டினாலும் முழுவதும் நீங்குவதில்லை.

நம்மவரிற் சிலர், “எல்லாம் நம் முன்னோர் அறிந்ததே” என்று மார்தட்டுவர். உமி எளிதிற் கழலவும், அரிசி உடையாதிருக்கவும், கெடாதிருக்கவுமே அவர்கள் நெல்லை அவித்தனர். தயமினை அவர்கள் அறியார். அன்றியும், படையலுக்கும் பூசைக்கும் பச்சரிசியே தூயது என்று விதித்து, புழுங்கலை உழைப்பாளியின் உணவாகத் தாழ்த்தியதும் அதே வழக்கந்தான். பழமை என்பதனால் ஒன்று நன்றாவதில்லை. ஏழையின் வழக்கம் என்பதனால் தீதாவதுமில்லை. சோதித்தறிவதே வழி.

1942 முதல் 1945 வரை ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூர் மக்கள் மரவள்ளிக்கிழங்கை உண்டு நாள் கழித்தபோது பெரிபெரி மீண்டும் தலைதூக்கியது. அறிவு மட்டும் போதாது; உணவும் கிடைத்தல் வேண்டும் என்பதை அக்காலம் காட்டிற்று.

இன்று ஆராய்ச்சி தவிட்டைக் கடந்து மண்ணுக்குச் சென்றுள்ளது. செலினியம் என்னும் தாதுப்பொருள் உடலுக்குச் சிற்றளவில் இன்றியமையாதது. மண்ணில் அது இல்லையேல் நெல்லிலும் இல்லை. சீனாவின் கேஷான் வட்டாரத்தில் 1935-ல் கண்டறியப்பட்ட இதய நோய்க்கு இக்குறையே முக்கிய காரணமெனப் பின்னர்த் தெளிந்தனர். பின்லாந்து 1984 முதல் உரத்திலேயே அதனைக் கலந்து வருகிறது. நெற்பயிரின் இலைமீது தெளித்து மணியிற் சேர்க்கும் முறையும் ஆராயப்பட்டுள்ளது. ஆயின் அளவு மிஞ்சினால் இதுவும் நஞ்சே; சீனாவின் என்ஷி வட்டாரத்தில் அளவு மீறியதால் மக்களுக்கு மயிரும் நகமும் உதிர்ந்தன.

சிங்கப்பூரில் நெல் வயல் இல்லை. அரிசி முழுவதும் பிற நாடுகளிலிருந்தே வருகிறது. ஆதலின் சிராங்கூன் சாலைக் கடையில் அரிசி வாங்குவோரின் உடல் நலம், அவர்கள் கண்டிராத மண்ணையும் ஆலையையும் பொறுத்திருக்கிறது. வெண்மையையும் விலையையும் மட்டும் நோக்கி வாங்குதல் போதுமா? இவ்வரிசியில் எஞ்சிய சத்து யாது எனக் கேட்கும் உரிமை உண்பவனுக்கு உண்டு. கோலாலம்பூரில் மாண்ட அப்பதினெண்மருக்கு அக்கேள்வியைக் கேட்க வாயில்லை, நமக்கு உண்டு.