அலுவலகக் கணினியின் கடவுச்சொல்: உருவாக்குவதும் மாற்றுவதும்

நமக்குத் தெரிந்த சகோதரர் ஒருவர் வளைகுடா நாடொன்றில் கணக்காளராக வேலை பார்க்கிறார். விடுமுறையில் ஊருக்குப் புறப்படும்போது, அவசரத்துக்கு உதவட்டுமே என்று தம் கணினியின் கடவுச்சொல்லைப் பக்கத்து மேசைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தார். நாற்பது நாள் கழித்துத் திரும்பியதும், அவர் பெயரில் திருத்தப்பட்டிருந்த இரண்டு பில்களுக்கு விளக்கம் கேட்டார்கள். பாஸ்போர்ட்டில் இருந்த முத்திரையைக் காட்டி, அன்று தாம் அந்த நாட்டிலேயே இல்லை என்று நிரூபித்தார். உடனே அடுத்த கேள்வி வந்தது: "அப்படியானால் உங்கள் கடவுச்சொல் வெளியே போனது எப்படி?" அதற்கு அவரிடம் பதில் இல்லை. வேலை தப்பியது, ஆனால் அதுவரை சம்பாதித்திருந்த நம்பிக்கை போய்விட்டது.

கணினிக்கு முகம் தெரியாது. யார் தட்டச்சு செய்தாலும், கடவுச்சொல்லுக்கு உரியவரின் பெயரில்தான் பதிவாகும். ஆகவே அது நம் கையெழுத்துக்குச் சமம். முதலாளி நம்மிடம் ஒப்படைத்த அமானிதத்தின் சாவியும் அதுவே.

எது பலவீனமானது?

2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து சுமார் 3.2 கோடி கடவுச்சொற்கள் வெளியே கசிந்தன. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அன்றிலிருந்து இப்படிக் கசிந்த பட்டியல்கள்தாம் திருடர்களின் பாடப்புத்தகம். பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும், கைபேசி எண், ஊர்ப் பெயர், நிறுவனத்தின் பெயருடன் 123, நம்மில் பலர் கடைசியில் சேர்க்கும் 786 ஆகியவை முதலில் முயன்று பார்க்கப்படும். 'ஏ' எழுத்துக்குப் பதில் '@' போடுவதும் அவர்களுக்குத் தெரிந்த தந்திரமே. எல்லோரும் அறிந்த வசனம், பாட்டு வரி, பழமொழி ஆகியவையும் வேண்டாம்.

திரைக்கு முன் உட்கார்ந்து யூகிப்பவரை, சில தவறுகளுக்குப் பின் கணக்கைப் பூட்டித் தடுத்துவிடலாம். உண்மையான ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. விண்டோஸ் கணினிகள் கடவுச்சொல்லை ஒரு குறியீடாக மாற்றிச் சேமிக்கின்றன. அந்தக் குறியீடு திருடுபோனால், இன்றைய உயர்ரக கிராபிக்ஸ் கார்டு ஒன்றே நொடிக்குப் பத்தாயிரம் கோடிக்கும் மேற்பட்ட யூகங்களைச் சரிபார்த்துவிடும். அந்த வேகத்தில், ஆங்கிலச் சிறிய எழுத்துகள் மட்டும் கொண்ட 8 எழுத்துக் கடவுச்சொல் இரண்டு நொடி தாங்கும். பெரிய எழுத்து, எண், குறி எல்லாம் கலந்த 8 எழுத்து ஒரு நாள்கூடத் தாங்காது.

வலுவானதை உருவாக்கும் முறை

நீளமே பலம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஐந்தாறு சொற்களைக் கோத்து வைப்பது, நினைவில் வைக்கவும் எளிது, உடைக்கவும் கடினம். இதற்கு 1995-ல் அர்னால்ட் ரெய்ன்ஹோல்ட் பகடையைக் கொண்டு ஒரு வழி சொன்னார். ஒரு பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 விதமான விடைகள் வரலாம். ஒவ்வொரு விடைக்கும் பட்டியலில் ஒரு சொல் இருக்கும். இப்படி எடுத்த ஐந்து சொற்களை அதே வேகத்தில் முழுவதும் முயன்று பார்க்க 9 ஆண்டுகள் ஆகும். ஆறாவது சொல்லைச் சேர்த்தால் சுமார் 70,000 ஆண்டுகள்.

பட்டியல் கைவசம் இல்லையென்றால், தடித்த அகராதி ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு ஆறு முறை திறந்து, விரல் பட்ட சொல்லை எடுங்கள். 'முறம், கலங்கரை, இஞ்சி, பதிமூன்று, சன்னல், ஒட்டகம்' என்பது போல வரும். தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் தட்டலாம். இந்த எடுத்துக்காட்டையே வைத்துவிடாதீர்கள். நாமாக யோசித்துச் சொற்களைத் தேர்ந்தால் நமக்குப் பிடித்தவையே வந்து விழும். அதனால்தான் பகடையும் அகராதியும். எண்ணும் குறியும் கட்டாயம் என்று அலுவலகம் கேட்டால் நடுவில் சேர்த்துக்கொள்ளலாம்.

அலுவலகத்துக்கு வைத்ததை வேறெங்கும் வைக்கக் கூடாது. பொருள் வாங்கும் தளத்தில் கசிந்த கடவுச்சொல்லை அலுவலக மின்னஞ்சலில் போட்டுப் பார்ப்பது திருடர்களின் அன்றாட வேலை. 2021-ல் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் எரிபொருள் குழாய் முடங்கியதற்கு, பயன்பாட்டில் இல்லாத ஒரு பழைய கணக்கின் கடவுச்சொல்லே வழிவிட்டது. அதற்கு இரண்டாவது சரிபார்ப்பு எதுவும் இல்லை. நிறுவனம் சுமார் 44 லட்சம் டாலர் பிணைத்தொகை கட்டியது.

எப்போது மாற்ற வேண்டும்?

மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்பது பழைய பாடம். அந்த விதிகளை அமெரிக்கத் தரநிலை நிறுவனத்துக்காக எழுதிய பில் பர் என்பவரே அதற்காக வருந்துவதாக 2017-ல் நாளிதழ் ஒன்றுக்குச் சொன்னார். அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசியில் உள்ள 1-ஐ 2 ஆக்குவதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அதே ஆண்டு அந்நிறுவனமும், கசிந்ததற்கான அடையாளம் இருந்தால் மாற்றச் சொன்னால் போதும் என்று வழிகாட்டுதலைத் திருத்தியது. ஆனால் உங்கள் அலுவலகத்தில் 90 நாள் விதி இருந்தால் அதற்குக் கட்டுப்பட்டுத்தான் ஆக வேண்டும். ஒவ்வொரு முறையும் முற்றிலும் புதியதை வையுங்கள்.

பின்வரும் நிலைகளில் அன்றே மாற்றிவிட வேண்டும்:

- வேலையில் சேர்ந்தபோது கொடுத்த தற்காலிகக் கடவுச்சொல் இன்னும் இருந்தால்
- யாரிடமாவது சொல்லியிருந்தால், அல்லது தட்டும்போது யாராவது பார்த்திருந்தால்
- சந்தேகமான இணைப்பில் அதைத் தட்டிவிட்டிருந்தால் (கூடவே கணினிப் பிரிவுக்கும் சொல்ல வேண்டும்)
- பலர் பகிர்ந்த கணக்கை அறிந்த ஒருவர் வேலையை விட்டுப் போயிருந்தால்

மாற்றும் முறை

விண்டோஸ் கணினியில் கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் 'சேஞ்ச் எ பாஸ்வேர்ட்' என்ற வரி வரும். பழையதை ஒருமுறையும் புதியதை இருமுறையும் தட்டி என்டர் அழுத்துங்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் முதலில் அலுவலக விபிஎன்-இல் இணைந்துகொள்ள வேண்டும். இல்லையேல் மாற்றம் அலுவலக சர்வருக்குப் போய்ச் சேராது.

மாற்றியபின் பலர் சிக்குவது கைபேசியில்தான். அதிலுள்ள அலுவலக மின்னஞ்சலும் வைஃபையும் பழைய கடவுச்சொல்லையே திரும்பத் திரும்ப அனுப்ப, கணக்கு பூட்டிக்கொள்ளும். உடனே அங்கும் புதியதைப் போட்டுவிடுங்கள். வார விடுமுறைக்கு முந்தைய மாலையில் மாற்றாதீர்கள், மறந்துபோகும். வேலை நாளின் காலையில் மாற்றி, அன்று நான்கைந்து முறை பூட்டித் திறந்தால் விரல்களுக்குப் பழகிவிடும்.

பாதுகாப்பது

மறதிக்குப் பயந்தால் முதல் சில நாட்கள் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வைக்கலாம். கணினித் திரையில் ஒட்டுவதும் விசைப்பலகைக்கு அடியில் வைப்பதும் கூடாது. நிறுவனம் அனுமதித்தால் பிட்வார்டன், கீபாஸ் போன்ற கடவுச்சொல் பெட்டகங்களைப் பயன்படுத்தலாம். கைபேசிச் செயலி வழி இரண்டாம் சரிபார்ப்பு இருந்தால் தவறாமல் இயக்குங்கள். நாம் நுழையாத நேரத்தில் 'அனுமதிக்கவா?' என்று கேட்டால், எத்தனை முறை கேட்டாலும் மறுத்துவிட்டுக் கணினிப் பிரிவுக்குச் சொல்லுங்கள். 'இன்றோடு காலாவதி, இங்கே சொடுக்கவும்' என்று வரும் மின்னஞ்சலை நம்பாதீர்கள். முறையான கணினிப் பிரிவு நம் கடவுச்சொல்லைக் கேட்காது.

வீட்டில் மனைவி மக்களிடம் நமக்கு ஒளிவுமறைவு இல்லாமல் இருக்கலாம். ஆனால் அலுவலக மடிக்கணினி நமக்குச் சொந்தமானது அல்ல. பிள்ளைகள் விளையாடக் கேட்டாலும் அதைத் திறந்து கொடுக்கக் கூடாது.

விடுமுறையில் போகும்போது வேலை தடைபடக் கூடாதே என்ற எண்ணம் நல்லதுதான். அதற்கும் வழி உண்டு. மேலாளரிடம் சொன்னால், நமக்குப் பதில் பார்ப்பவருக்கு அவர் பெயரிலேயே அனுமதி தரக் கணினிப் பிரிவால் முடியும். அந்தக் கணக்காளர் சகோதரரும் இப்போது அப்படித்தான் செய்கிறார். புறப்படுவதற்கு முன் ஒரே ஒரு மின்னஞ்சல், அவ்வளவுதான்.