ஒரே பெண், இரண்டு நோயறிதல்: மனநல சிகிச்சையில் "ஆளுக்கு ஆள்" என்ற கேள்வி பிறந்த கதை

"கவுன்சிலிங் போனேன் டாக்டர், எனக்கு செட் ஆகல." இதைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தன்னைத்தான் குறை சொல்லிக்கொள்கிறார்கள். நீங்களும் அப்படிச் சொல்லியிருந்தால் இந்த த்ரெட் உங்களுக்குத்தான். கொஞ்சம் நீளம், பொறுமையா படிங்க 👇

1911. வியன்னாவில் ஃப்ராய்டின் வட்டத்தில் இருந்து ஆல்ஃபிரட் ஆட்லர் பிரிந்து போகிறார். இரண்டு வருடத்தில் கார்ல் யுங்கும் பிரிகிறார். கொள்கைச் சண்டை, ஈகோ சண்டை எல்லாம் கலந்த பிரிவு.

ஆனால் யுங் சண்டையோடு நிற்கவில்லை. அவரைக் குடைந்த கேள்வி வேறு. ஃப்ராய்டும் கெட்டிக்காரர், ஆட்லரும் கெட்டிக்காரர். இருவரும் நோயாளிகளைக் குணப்படுத்தியிருக்கிறார்கள். அப்புறம் எப்படி ஒரே மனதைப் பார்த்து இரண்டு பேரும் வேறு வேறு சொல்கிறார்கள்?

இதை விளக்க அவர் எடுத்துக்கொண்டது ஒரு இளம்பெண்ணின் கதை. திருமணமானவர். ராத்திரியில் பயந்து அலறி எழுவார். கணவரை இறுகப் பிடித்துக்கொண்டு "என்னை விட்டுப் போயிடாதீங்க" என்று கெஞ்சுவார்.

ஃப்ராய்டின் கண்ணால் பார்த்தால், இறந்துபோன அப்பா மீது இருந்த பாசம் இன்னும் விடவில்லை. கணவரிடம் அந்த அப்பாவைத் தேடுகிறார்.

ஆட்லரின் கண்ணால் பார்த்தால், அந்தப் பயம் ஒரு ஆயுதம். பயந்தால் கணவர் அசையமாட்டார். வீட்டில் எல்லாம் இவரைச் சுற்றியே நடக்கும்.

எது சரி? இரண்டுமே பொருந்துகிறதே என்றார் யுங். ஃப்ராய்டின் பார்வை வெளியே, உறவுகளை நோக்கிப் போகிறது. ஆட்லரின் பார்வை உள்ளே, "நான்" என்பதை நோக்கிப் போகிறது. ஆக, நோயாளிக்கு மட்டும் இல்லை, வைத்தியருக்கும் ஒரு சுபாவம் உண்டு. அந்தக் கண்ணாடி வழியாகத்தான் அவர் உங்களைப் பார்க்கிறார்! 1913 செப்டம்பரில் மியூனிக் மாநாட்டில் இதை முதலில் பேசினார். 1921-ல் முழுப் புத்தகமாக வந்தது. இன்ட்ரோவெர்ட், எக்ஸ்ட்ரோவெர்ட் என்று இன்று காலேஜ் பசங்க சர்வசாதாரணமாகச் சொல்கிறார்களே, அது பரவியது இங்கிருந்துதான்.

(அந்தப் புத்தகத்தின் அடிப்படையில் அமெரிக்காவில் ஒரு அம்மாவும் மகளும் இரண்டாம் உலகப்போர் காலத்தில் உருவாக்கியதுதான் நாலு எழுத்து பெர்சனாலிட்டி டெஸ்ட். ஜாலிக்குப் போட்டுப் பாருங்க. அதை வைத்து சிகிச்சையை முடிவு பண்ணாதீங்க, ப்ளீஸ்.)

சரி, சுபாவத்துக்கு ஏற்ற சிகிச்சை என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதா?

அமெரிக்காவின் மெனிங்கர் மருத்துவமனையில் 1950-களில் 42 நோயாளிகளை நீண்டகாலம் கவனித்த ஒரு ஆய்வு நடந்தது. பல வருடம் கழித்து சிட்னி பிளாட் என்ற உளவியலாளர் அந்தப் பழைய பதிவுகளைத் திரும்பப் புரட்டினார். நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார். "என்னை விட்டுப் போய்டுவாங்களோ" என்று தவிப்பவர்கள் ஒரு பக்கம். "நான் எதுக்கும் லாயக்கில்ல" என்று தன்னையே அடித்துக்கொள்பவர்கள் இன்னொரு பக்கம்.

1992-ல் வெளியான முடிவு: முதல் வகையினருக்கு எதிரே உட்கார்ந்து, முகம் பார்த்து, ஆதரவாகப் பேசும் சிகிச்சை கூடுதலாக உதவியது. இரண்டாம் வகையினருக்கு சோபாவில் படுத்துக்கொண்டு, வைத்தியர் முகம் தெரியாமல் பேசும் ஃப்ராய்டு பாணி சிகிச்சை. யோசித்துப் பாருங்க, கைவிடப்படுவோம் என்று நடுங்குபவருக்கு முகமே காட்டாமல் உட்கார்ந்தால் எப்படி இருக்கும்?

இத்தோடு முடித்தால் கதை அழகாக இருக்கும். ஆனால் 42 பேர் ரொம்பச் சின்ன எண்ணிக்கை. பெரிய சோதனை 1997-ல் வந்தது. பெயர் ப்ராஜெக்ட் மேட்ச். குடிநோயாளிகள் 1726 பேர், மூன்று விதப் பேச்சு சிகிச்சை. யாருக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டியே பல கணிப்புகளை எழுதி வைத்துவிட்டுத்தான் ஆரம்பித்தார்கள்.

பெரும்பாலான கணிப்புகள் ஊத்திக்கிச்சு. மூன்று சிகிச்சையிலும் மக்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு முன்னேறினார்கள்.

தப்பித்த சில கணிப்புகளில் ஒன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. வெளிநோயாளிகளாக வந்தவர்களில் கோபம் அதிகம் உள்ளவர்களுக்கு, வாதம் பண்ணாமல், அறிவுரை திணிக்காமல், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்கும் முறை மற்ற இரண்டையும் விட நன்றாக வேலை செய்தது. மற்ற இரண்டுக்கும் 12 அமர்வு. இதற்கு வெறும் 4. மூன்று வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் இருந்தது.