காலியாக விட்ட இடம்

பாம்பனுக்கும் தங்கச்சிமடத்துக்கும் நடுவில் இருக்கிற எங்கள் அக்காள்மடத்தில், வலைக்கோ எஞ்சினுக்கோ கடன் வாங்கப் போகிறவர் கையோடு ஒரு செக்கையும் எடுத்துப்போவார். அதில் தேதி, தொகை, பெயர் எதுவும் இருக்காது. கீழே கையெழுத்து மட்டும். "ஒண்ணும் எழுதலையே, சும்மா கையெழுத்துதானே" என்பார்கள். அச்சடித்த இடங்களை எல்லாம் நிரப்பினால்தான் அது செக் என்று ஒரு நம்பிக்கை.

சட்டமோ அச்சைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. 1881-ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டம் கேட்பது கொஞ்சம்தான்: எழுத்தில் இருக்கணும், குறிப்பிட்ட ஒரு வங்கிக்கு இடும் நிபந்தனையற்ற உத்தரவாக இருக்கணும், யாருக்கு, எவ்வளவு என்பது நிச்சயமாக இருக்கணும், கேட்டவுடன் பணம் தரச் சொல்லணும், எழுதியவர் கையெழுத்திடணும்.

இதே சட்டத்தின் முதல் பிரிவு, கீழை மொழிகளில் எழுதிய பத்திரங்களின் உள்ளூர் வழக்கத்தைத் தொடவில்லை என்றும் சொல்கிறது. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கடல் கடந்த வியாபாரத்தில் எழுதிய உண்டியல் அந்த வகை (கோயில் உண்டியல் அல்ல). வட இந்திய உண்டிகளில் ஆயிரம் ரூபாயை எழுதும் விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும்: இதில் பாதி ஐந்நூறு, அதன் இரட்டிப்பு ஆயிரம் என்று மறுபடியும் எழுதுவார்கள். நடுவழியில் யாரும் ஒரு சைபரைச் சேர்த்துவிட முடியாது. அதே பயம்தான் 1881 சட்டத்தின் 18-ஆவது பிரிவிலும் இருக்கிறது. எண்ணும் எழுத்தும் முரண்பட்டால் எழுத்தில் உள்ளதே தொகை.

அப்படியானால் அச்சு யாருக்கு? மெஷினுக்கு. அடியில் காந்த மையில் ஓடும் வரிசையில் ஆறு இலக்கம் செக் எண். அடுத்த ஒன்பதில் ஊருக்கு மூன்று, வங்கிக்கு மூன்று, கிளைக்கு மூன்று. எங்கள் தொழில் பாஷையில் அது ஹெடர். 2002-இல் சட்டத்தைத் திருத்தி, செக்கின் மின்னணுப் பிம்பத்தையும் செக் என்றார்கள். பிறகு ரிசர்வ் வங்கியின் சிடிஎஸ்-2010 தரம் வந்தது; நீரெழுத்தும், புற ஊதா ஒளியில் மட்டும் தெரியும் வங்கிச் சின்னமும் கட்டாயமாயின. இதில் எதுவும் கடன்காரரைக் காப்பாற்றாது.

பாம்பனில் சாலைப் பாலம் திறந்த அதே 1988-இல்தான், பணமில்லாமல் திரும்பும் செக்கைக் குற்றமாக்கும் 138-ஆவது பிரிவும் நிறைவேறியது. 1989 ஏப்ரல் 1 முதல் அமல். இப்போது இரண்டாண்டு வரை சிறை, அல்லது செக் தொகையைப்போல் இரண்டு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். செக் கடனுக்காகத்தான் கொடுக்கப்பட்டது என்று நீதிமன்றம் முதலிலேயே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டும் பொறுப்பு கையெழுத்துப் போட்டவருடையது. பீர் சிங் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் இதை இன்னும் தெளிவாக்கியது: ஏதோ ஒரு பணம் கொடுப்பதற்காகத் தானாக முன்வந்து கொடுத்த வெற்றுச் செக்கை வேறொருவர் நிரப்பியிருந்தாலும் அந்த அனுமானம் பொருந்தும். வாங்கியது நாற்பதாயிரம், நிரப்பியது நாலு லட்சம் என்றால், அதற்கான ஆதாரத்தை மீனவர்தான் தேடணும்.

ரிசர்வ் வங்கியின் விதி ஒன்று எங்கள் ஊரில் பலருக்குத் தெரியாது. செக்கில் அச்சு இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் இருக்கும். ஆனால் வாடிக்கையாளர் தன் வட்டார மொழியில் எழுதலாம். 'நாற்பதாயிரம் மட்டும்' என்று தமிழில் எழுதினாலே போதும். இங்கிலீஷில் ஸ்பெல்லிங் தப்பாகிவிடுமோ என்ற கூச்சத்தில்தான் நிறையப் பேர், "நீங்களே நிரப்பிக்கங்கண்ணே" என்று நீட்டிவிடுகிறார்கள்.