வாய்க்கால் போன வழியில் சேரி

திருச்சியின் வரலாறு என்றால் பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்கு ஒரு பட்டியல் மனப்பாடம். கரிகாலன், கல்லணை, உறையூர், அரங்கன் கோயில், மலைக்கோட்டை, ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் நடந்த சண்டை. காவிரி வந்தது, நெல் விளைந்தது, கோபுரம் எழுந்தது. நெல்லை விளைவித்தது யார் என்பது மட்டும் அந்தப் பட்டியலில் வராது.

உய்யக்கொண்டான் வாய்க்கால் கரையில் மாணவர்களோடு நடப்பதை நாங்கள் ஒரு வழக்கமாக வைத்திருக்கிறோம். முதல் நடையிலேயே ஒரு மாணவி கேட்டார்: "தண்ணி இல்லாத ஊர்லதானே வறுமை இருக்கணும்? இங்க வாய்க்கால் ஓரமாவே சேரி சேரியா வருதே, ஏன்?" அன்று எங்களிடம் ஒழுங்கான பதில் இல்லை. இந்தக் கட்டுரை அவருக்குத் தாமதமாக எழுதும் பதில்.

முதலில் நிலத்தைப் பார்த்துவிடுவோம். நகருக்கு மேற்கே முக்கொம்பில் ஆறு இரண்டாகப் பிரிகிறது. வடக்கே போவது கொள்ளிடம், தெற்கே போவது காவிரி. கிழக்கே கல்லணை அருகில் இரண்டும் மறுபடி நெருங்குகின்றன. நடுவே கிடக்கும் தீவில்தான் திருவரங்கமும் திருவானைக்காவலும் இருக்கின்றன. தென்கரையில் உறையூர், ராசராசன் காலத்தது என்று சொல்லப்படும் உய்யக்கொண்டான். வடகரையில் அய்யன் வாய்க்கால், பெருவளை வாய்க்கால். 1994 வரை ஸ்ரீரங்கம் தனி நகராட்சி. அதையும் பொன்மலையையும் திருச்சியோடு சேர்த்துத்தான் மாநகராட்சி ஆக்கினார்கள். 2011 கணக்கெடுப்பில் மாநகரத்தின் மக்கள்தொகை சுமார் 8.47 லட்சம். ஆனாலும் இதன் குணம் இன்னும் வயல்காட்டு ஊரின் குணம்தான். பேருந்து ஏறிக் கொஞ்ச நேரத்தில் வாழைத்தோப்பு வந்துவிடும். தேசிய வாழை ஆராய்ச்சி மையம் 1993-ல் இங்கேதான் அமைந்தது. மேட்டூரில் எப்போது தண்ணீர் திறப்பார்கள் என்ற பேச்சு இன்றும் டீக்கடையில் ஓடுகிறது.

இந்த ஊரில் ஆறு வெறும் பாசன ஆறு அல்ல, எல்லைக்கோடும்கூட. இதை வைணவக் குருபரம்பரைக் கதைகளே சொல்கின்றன. உறையூரில் பாணர் குடியில் வளர்ந்தவர் திருப்பாணாழ்வார். தீவுக்குள் கால் வைக்கக் கூடாது என்பதால் தென்கரையில் நின்றே யாழ் மீட்டிப் பாடினார். அரங்கனுக்குத் தண்ணீர் எடுக்க வந்த உலோகசாரங்கர் அவரை விலகச் சொன்னார். பாட்டில் லயித்திருந்தவருக்கு அது கேட்கவில்லை. கல்லை எறிந்தார், நெற்றியில் ரத்தம். கோயிலுக்குத் திரும்பினால் பெருமாளின் நெற்றியிலும் ரத்தம். பிறகு அதே உலோகசாரங்கர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு உள்ளே போனார், ஆழ்வார் இறைவனோடு கலந்துவிட்டார் என்று கதை முடிகிறது.

மேடைகளில் இந்தக் கதையைச் சமத்துவத்துக்குச் சான்றாகச் சொல்வார்கள். நாங்கள் மாணவர்களிடம் அதை வேறு மாதிரி வாசிக்கச் சொல்கிறோம். கல் எறியப்பட்டது ஒரு குடம் ஆற்றுத் தண்ணீருக்காக. தீவுக்குள் போனவர் அவர் கால் நடந்து போகவில்லை, இன்னொருவர் தோளில் போனார். போனவர் உறையூருக்குத் திரும்பவும் இல்லை. தில்லையில் நந்தனார் நெருப்பில் கலந்தது போலத்தான் இதுவும். கோயிலுக்குள் போன பிறகு வீடு திரும்பிப் பத்துப் பேரை அழைத்து வர இருவருக்கும் கதை இடம் கொடுக்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. ஆழ்வார் பாணருக்குப் பிறந்தவர் அல்ல, நெல்வயலில் கண்டெடுக்கப்பட்ட குழந்தை என்கிறது அதே மரபு. பிறப்பைக்கூட அவரிடம் விட்டுவைக்கவில்லை.

"ராமானுஜர் இருந்தாரே" என்று உடனே கேட்பார்கள். இருந்தார். காவிரியில் குளித்துவிட்டு உறையூர் உறங்காவில்லி தாசரின் கையைப் பிடித்துக்கொண்டு கரையேறினார் என்று அந்த மரபு சொல்கிறது. சாதியால் ஒதுக்கப்பட்ட மாறனேரி நம்பிக்கு ஈமக்கடன் செய்த பெரிய நம்பியை ஸ்ரீரங்கத்தார் விலக்கிவைத்ததையும் அதே மரபுதான் சொல்கிறது. அந்த மனிதர்களின் துணிவை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால் அவர்கள் பிடித்தது ஒரு கையை. நிலத்தின் மீதான பிடியில் அதனால் எதுவும் தளரவில்லை.

அந்தப் பிடி எப்படி உருவானது? ஜப்பானிய வரலாற்றாசிரியர் நொபோரு கராஷிமா 1960-களில் திருச்சிக்கு மேற்கே காவிரித் தென்கரையில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு ஊர்களின் சோழர் காலக் கல்வெட்டுகளை ஒப்பிட்டார். ஒன்று அல்லூர், இன்னொன்று ஈசானமங்கலம். அல்லூரில் நிலம் ஊராரின் பொது உடைமையாகத் தெரிகிறது. பிரம்மதேயமான ஈசானமங்கலத்தில் தனித்தனி ஆட்களின் உடைமையாக இருக்கிறது, அவர்கள் தாங்களே உழுதவர்களும் அல்லர். உடைமை ஒருவருக்கு, உழைப்பு இன்னொருவருக்கு என்ற பிளவை அங்கே பார்க்க முடிகிறது. இதே காவிரியின் கீழ்ப்பகுதியில், தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், வரியிலிருந்து நீக்கப்பட்ட இடங்களின் வரிசையில் ஊர்நத்தம், வாய்க்கால் என்று வரும்போதே பறைச்சேரி, தீண்டாச்சேரி என்ற பெயர்களும் வருகின்றன. ஆயிரம் ஆண்டுக்கு முன்பே சேரி அளந்து கணக்கில் எழுதப்பட்ட இடம். இந்தச் சோழர் பெருமையை டீ-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு நடைக்கு வரும் தம்பிகளும் எங்களிடம் உண்டு. கழற்றச் சொல்வதில்லை, கல்வெட்டைப் படிக்கச் சொல்கிறோம்.

இனி அந்த மாணவியின் கேள்வி. 1819-ல் கிழக்கிந்தியக் கம்பெனியின் வருவாய் வாரியம் அடிமைமுறை பற்றி மாவட்ட ஆட்சியர்களிடம் விவரம் கேட்டது. திருச்சியிலிருந்து போன பதிலின் சாரம் இது: அடிமைகள் பெரும்பாலும் நஞ்சை வட்டாரங்களில் இருக்கிறார்கள், புஞ்சையில் சொற்பம். ஆவணம் பள்ளர் என்று எழுதும் அந்த மக்கள் விற்கப்பட்டார்கள், அடமானம் வைக்கப்பட்டார்கள். தண்ணீர் எட்டிய இடத்தில் அடிமைத்தனம் தடித்தது, எட்டாத இடத்தில் மெலிந்தது. பொருளாதார வரலாற்றாசிரியர் தர்மா குமாரும் 1965-ல் வெளிவந்த தம் நூலில், சென்னை மாகாணத்தில் நஞ்சைப் பகுதிகளில்தான் ஒடுக்கப்பட்ட சாதி விவசாயக் கூலிகளின் பங்கு கூடுதலாக இருந்தது என்று காட்டினார்.

காரணம் நெல்லிலேயே இருக்கிறது. நாற்று பிடுங்கிய மறுநாள் நடவு நடக்க வேண்டும். களை, அறுப்பு எல்லாமே நாள் தவறினால் போச்சு. அந்தச் சில நாட்களில் நிறைய கைகள் ஒரே நேரத்தில் வேண்டும். நிலம் வைத்திருந்த பார்ப்பனர் ஏர் பிடிக்கச் சாதி வழக்கம் இடம் தராது. வசதியான வேளாளரும் சேற்றில் இறங்குவதைக் குறைவாக நினைத்தார்கள். அப்படியென்றால் ஆண்டு முழுவதும் கூப்பிடு தூரத்தில், வேறு எங்கும் போக முடியாத ஆட்கள் இருந்தாக வேண்டும். புஞ்சையில் கம்பும் சோளமும் போட்டவர் பெரும்பாலும் குடும்பத்தோடு தானே பாடுபட்டார், அவருக்கு இவ்வளவு ஆள் தேவைப்படவில்லை. ஆக, சேரி ஏதோ தானாக ஒதுங்கி உருவான இடம் அல்ல. மடை, மதகு போல அதுவும் பாசனத்துக்கென்று திட்டமிட்டு வைத்த ஏற்பாடு. நீரை ஆள்பவரே நாட்டை ஆள்வார் என்று விட்ஃபோகல் 1957-ல் பெரிய புத்தகம் எழுதினார். அவர் அரசனைப் பார்த்தார். நாம் மடையைத் திறந்தவனைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மடையைத் திறந்தவனும் பல ஊர்களில் நம் ஆள்தான். நீர்க்கட்டி, நீர்ப்பாய்ச்சி, கம்புக்கட்டி என்று ஊருக்கு ஊர் பெயர் மாறும். எந்த வயலுக்கு எவ்வளவு நேரம், எந்தக் கரை எப்போது உடையும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. அறுவடையில் கொஞ்சம் நெல் அவருக்குக் கூலி. நாங்கள் நடந்த ஒரு கிராமத்தில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி ஒருவர் வாய்க்கால் படித்துறையைக் காட்டினார். மேல்படி ஊருக்கு, அவர்கள் குளித்து மிச்சம் வரும் கீழ்ப்பக்கம் சேரிக்கு. "எங்க வூட்டுக்காரரு மடையைத் திறந்தாத்தான் அந்தப் படிக்கே தண்ணி வரும். நாங்க அதுல கால நனைக்கக் கூடாது." இதைச் சொல்லும்போது அவர் சிரித்தார். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

1836-ல் ஆர்தர் காட்டன் முக்கொம்பில் மேலணையைக் கட்டத் தொடங்கினார். டெல்டாவுக்குத் தண்ணீர் உறுதியானது, கம்பெனிக்கு வரி கூடியது. 1843-ல் அடிமைமுறைச் சட்டம் வந்தது. நீதிமன்றங்கள் இனி அடிமை உரிமையை ஏற்காது என்றது அது. ஆளை வாங்குவதும் விற்பதும் குற்றம் ஆனது பிறகு வந்த தண்டனைச் சட்டத்தில்தான். நிலம் ஒரு குழிகூடக் கை மாறவில்லை. அடிமை என்ற சொல் போய், கடனில் கட்டுண்ட பண்ணையாள் என்ற சொல் வந்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்கு 1976 வரை காத்திருந்தோம்.

கட்டை அவிழ்த்துக்கொண்டு முதலில் வெளியேறியவர்கள் கடல் கடந்து போனவர்கள். 1904-ல் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் சேர்க்கும் தொழிலாளர் ஆணையம் தன் தலைமையகத்தைத் திருச்சியில்தான் வைத்தது. தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் தேட இந்த ஊர் ஏன் வாகாக இருந்தது என்று இப்போது புரியும். தோட்டமும் நரகம்தான், கங்காணிக் கடன் வேறு. ஆனாலும் இலங்கையிலும் மலேயாவிலும் கூலி காசாகக் கிடைத்தது. லால்குடி வட்டத்தின் நஞ்சை நிலப் பதிவேடுகளை ஆராய்ந்த ஹருகா யானகிசாவா, பார்ப்பனர்கள் படிப்புக்கும் உத்தியோகத்துக்கும் நகரம் போய் நிலத்தை விற்றதையும், அதில் மிகச் சிறு துண்டுகள் தலித் கைகளுக்கும் வந்ததையும் காட்டுகிறார். புலம்பெயர்ந்து போனது உள்ளூர்ப் பண்ணையாரின் பிடியைத் தளர்த்தியது என்பதும் அவர் வாதம். யாரும் தானம் கொடுத்து வந்த நிலம் அல்ல அது. இன்று அந்தப் பக்கம் ஒரு தலித் குடும்பத்திடம் அரைக்காணி நஞ்சை இருந்தால், அதன் பின்னால் கண்டிக்கோ பினாங்குக்கோ போன ஒரு தாத்தா இருக்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

பிறகு பொன்மலை ரயில்வே பணிமனை, அறுபதுகளில் திருவெறும்பூர் பெல் ஆலை, இடஒதுக்கீட்டில் அரசு வேலை. இவை நீங்கள் அறிந்த கதை. திருச்சி மாவட்டத்து வாரதாரர்களுக்காக 1958-ல் கையேருவாரம், மாட்டுவாரம் சட்டமும், கோயில், மடம் போன்ற பொது அறக்கட்டளைகளின் விவசாய நிலங்களுக்காக 1961-ல் ஒரு சட்டமும் வந்தன. குத்தகைக்காரருக்கு அவற்றால் பலன் கிடைத்தது. குத்தகையே கிடைக்காத கூலிக்காரருக்கு எந்தச் சட்டமும் காணி கொடுக்கவில்லை. 2021-ல் ஏழு உட்பிரிவுகளுக்கு தேவேந்திரகுல வேளாளர் என்ற பொதுப்பெயரை நாடாளுமன்றம் ஏற்றது. பெயர் மீட்பு அந்த மக்களின் உரிமை, அதில் எங்களுக்கு மாறுபாடு இல்லை. பட்டாவில் அந்தப் பெயர் எத்தனை ஏக்கருக்கு எதிரே இருக்கிறது என்பதையும் சேர்த்தே கேட்க விரும்புகிறோம்.

2018 ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பு மேலணையில் கொள்ளிடப் பக்கம் ஒன்பது மதகுகள் உடைந்து போயின. கடலுக்குப் போன தண்ணீர் எத்தனை டிஎம்சி, பாசனம் என்னவாகும், மணல் அள்ளியதால் வந்ததா என்றெல்லாம் பேசினார்கள். பேச வேண்டியதுதான். பயிர் கெட்டால் நிவாரணம் பட்டாவையும் அடங்கலையும் பார்த்துத்தான் வரும். நடவு நின்றுபோன நாட்களுக்கான கூலியை எழுத அந்தப் படிவத்தில் பத்தி கிடையாது. இப்போது அந்த நடவுக்கும் மேற்கு வங்கத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். அவர்கள் யார், என்ன சாதி, எந்தக் கடனுக்கு வந்தார்கள் என்று நாங்கள் இனிமேல்தான் கேட்கத் தொடங்க வேண்டும்.

அடுத்த நடை உறையூரில் தொடங்கும். காவிரித் தென்கரை வரை போய், பாலத்தில் ஏறி, அம்மா மண்டபம் வழியாக ராஜகோபுரம் வரை நடப்பதாகத் திட்டம். வருபவர்கள் உங்கள் ஊர் வாய்க்காலின் பெயரையும், அதில் கடைசியாக நீர்க்கட்டியாக இருந்தவரின் பெயரையும் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.